சக்கரம் இல்லாமல் கிண்ணம்: புதியவர்களுக்கு மண் வகுப்பு நடத்துவது எப்படி

ஓட்டல் சமையலறையிலிருந்து மண்பாண்டத்துக்கு வந்தவள் நான். இப்போது மாலை நேரங்களில், களிமண்ணைத் தொட்டே பார்க்காதவர்களுக்குக் கையால் கிண்ணம் செய்யச் சொல்லித்தருகிறேன். சம்பளம் கிடையாது. பிள்ளைகள், முதியவர்கள், வேலை முடிந்து நேராக வருபவர்கள் என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். நீங்களும் இப்படி ஒரு வகுப்பு நடத்த விரும்பினால், நான் செய்யும் முறை இது.

ஆட்கள் வருவதற்குள் பாதிக்கு மேல் வேலை முடிந்திருக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் நறுக்கி, அளந்து, கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் பழக்கத்தை இங்கேயும் நான் விடவில்லை. ஆளுக்கு 350 கிராம் மண்ணை உருட்டி ஈரத்துணியால் மூடி வையுங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பலகை, சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்ச். இவ்வளவு போதும். கருவிகளை நிறையப் பரப்பினால் கை மண்ணை மறந்துவிடும்.

உருட்டும் முன் மண்ணைப் பிசைய வேண்டும். ரொட்டி மாவில் காற்று தங்குவது நல்லது. மண்ணில் அது வெளியேற வேண்டும். எனவே மடிக்காமல், முன்னோக்கி அழுத்தி அழுத்திப் பிசையுங்கள். கம்பியால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஓட்டைகள் தெரியக்கூடாது.

சரி, இனி கிண்ணம். உருண்டையை ஒரு உள்ளங்கையில் வைத்து, மறு கையின் கட்டைவிரலை நடுவில் இறக்குங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மண் மிஞ்சும்போது நிறுத்துங்கள். விரலின் அழுத்தம் உள்ளங்கையில் லேசாகத் தெரியும் இடம் அதுதான். பிறகு அடியிலிருந்து மேல்நோக்கி, கொஞ்சம் கிள்ளி, கொஞ்சம் திருப்பி, மறுபடி கிள்ளி வாருங்கள். சுவர் 6 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். விளிம்பைக் கடைசிவரை தடிமனாகவே விடுங்கள். முதலிலேயே மெலிந்த விளிம்பு விரிந்து, வெடித்து, தட்டையாகிவிடும். எல்லாருக்கும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கத் தோன்றும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வெடிப்பு தெரிந்தால் ஈர விரலால் ஒரு தடவல், அவ்வளவுதான். சுவர் தொய்ந்தால் பத்து நிமிடம் சும்மா வைத்தாலே மண் இறுகிவிடும்.

விளிம்பில் நான் கறார். பல வருடம் தட்டுகளைப் பரிமாறிய கை இது. கூரான விளிம்பு உதட்டை உறுத்தும், சீக்கிரம் உடையும். ஈர ஸ்பாஞ்சால் உருண்டையாக நீவிவிடச் சொல்லுங்கள்.

விரல் மடங்காதவர்களுக்கு மண்ணை இன்னும் இளக்கமாகக் கொடுங்கள். அதுவும் சிரமமென்றால், மண்ணைத் தகடாகத் தேய்த்து, துணி விரித்த ஒரு கிண்ணத்துக்குள் அழுத்தினால் போதும். ஆனால் யாருடைய கிண்ணத்தையும் வாங்கி நீங்கள் திருத்தாதீர்கள். பக்கத்தில் உங்களுக்கென ஒரு உருண்டை வைத்துக்கொண்டு அதில் செய்து காட்டுங்கள். கோணலாக இருந்தாலும் அது அவர்கள் செய்தது. இந்த வகுப்பே அதற்காகத்தான்.

மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த தூசியைப் பெருக்கக் கூடாது. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். கை கழுவிய நீரை வாளியில் தெளியவிடுங்கள். கை கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அடியில் பெயர் கீறி, தளர்வாகப் பிளாஸ்டிக்கால் மூடி, சில நாட்கள் மெதுவாகக் காயவிடுங்கள். விளிம்பு இறுகியதும் கவிழ்த்து வைத்தால் அடியும் காயும். நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று அறிய, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சூளையில் கிண்ணம் வெடிக்கப் பெரும்பாலும் காரணம் இந்த ஈரம்தான். 100 டிகிரி செல்சியஸில் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளக்கிறது. ஆகவே அந்த வெப்பத்துக்குக் கீழே சூளையைச் சில மணி நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல ஏற்றுங்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், அந்த இடத்திலும் அவசரம் வேண்டாம். முதல் சூடு 1000 டிகிரி வாக்கில் முடியும். காய்ந்து சுட்ட பின் கிண்ணம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும்; இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

முதல் சூட்டோடு நின்ற கிண்ணம் தண்ணீரை உறிஞ்சும். அதில் சாப்பிட வேண்டுமென்றால், உணவுக்கு ஏற்றது என்று விற்கப்படும் ஈயமில்லாத கிளேஸை, அதாவது சுட்டதும் கண்ணாடிபோல் படியும் பூச்சை, பூசி, அதற்குரிய வெப்பத்தில் மறுபடி சுட வேண்டும். ஈயம் கலந்த கிளேஸிலிருந்து புளிப்பான உணவு ஈயத்தை இழுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கிளேஸ் பூசாத கிண்ணங்களைத் திருப்பித் தரும்போது, சாவியோ நாணயமோ போட்டுவைக்க மட்டும் என்று சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.