செடி தழைக்குது, கிழங்கு வைக்கலையா? மாடி உருளைக்கு நான் செய்த மாற்றங்கள்

என் மாடிப் பைகளில் உருளைச் செடி செழிப்பாக வளரும், கொட்டிப் பார்த்தால் கோலிக்குண்டு சைஸில்தான் கிழங்கு இருக்கும். காரணம் இரண்டு: சூடு, அளவுக்கு மீறிய தழைச்சத்து (நைட்ரஜன்).

இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் கிழங்கு வைப்பது குறையும். அதனால் நடவை ஐப்பசிக் கடைசிக்கு மாற்றினேன். கோவை, ஓசூர் பக்கம் இது கைகொடுக்கும். சென்னையில் சுமாராகத்தான் வரும்.

வாராவாரம் ஊற்றிய கடலைப் பிண்ணாக்குக் கரைசலை 30 நாளோடு நிறுத்தினேன். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும். பதிலுக்குப் பைக்கு ஒரு கைப்பிடி மரச்சாம்பல், அதற்கு மேல் வேண்டாம். மண்ணில் காரத்தன்மை ஏறினால் கிழங்கின் தோலில் சொறி விழும்.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய சாண எரு 1, கழுவிய தென்னை நார்க்கழிவு 1. நார்க்கழிவைக் கூட்டினால் ஈரம் தேங்கி விதைக் கிழங்கு அழுகும். முளை 1 செ.மீ. வந்த, 40 கிராம் அளவுள்ள முழுக் கிழங்கே விதைக்கு நல்லது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நிழலில் 2 நாள் காயவிடுங்கள்.

முக்கியமானது மண் அணைப்பு. பையில் பாதி மட்டும் நிரப்பி நட்டு, செடி முக்கால் அடி வந்ததும் தண்டு பாதி மூடும்படி மண் போடுங்கள். 2 வாரம் கழித்து மறுபடியும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிவிடும், அதைச் சமைக்கக் கூடாது.

இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, 10 நாள் கழித்துப் பையைக் கொட்டிக் கிழங்கை எடுங்கள்.