மெட்ரிக்கிலிருந்து பல்கலைக்கழகம் வரை: மாற்றுத்திறன் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு செய்முறை விளக்கம்

பள்ளிக்கூடத்தில் என் தம்பிக்காகப் பேசியவர் எங்கள் அம்மா. பார்வைக் குறைபாடுள்ள அவனுக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள் வேண்டும் என்பதையும் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் என்பதையும் ஆண்டுதோறும் அம்மாவே ஆசிரியர்களிடம் சொல்லிவந்தார். பல்கலைக்கழகத்தின் முதல் தேர்வில் சாதாரண எழுத்தில் அச்சிட்ட தாள் கைக்கு வந்தபோது, அவன் பாதியை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வந்தான். யாரிடம் கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு என்ன தேவையென்று அங்கே எவருக்கும் தெரியாது. அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்டதை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பள்ளியின் இறுதி ஆண்டான மெட்ரிக் படிக்கும் பிள்ளைகளுக்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முதற்படி: தாள்களைத் திரட்டுங்கள்

மெட்ரிக் தேர்வில் கிடைத்த சலுகைகள் பல்கலைக்கழகத்துக்குத் தாமாகத் தொடர்வதில்லை. அங்கே புதிதாகக் கேட்க வேண்டும். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், தனி அறை ஆகியவற்றுள் எவை வழங்கப்பட்டன என்பதற்கான கடிதத்தைப் பள்ளியை விட்டு வருமுன்பே வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவ அறிக்கையும் அண்மைக் காலத்ததாக இருப்பது நல்லது. நோயின் பெயரை மட்டும் எழுதிய அறிக்கையால் பெரும்பயன் இல்லை. அது வாசிப்பதையும் எழுதுவதையும் நடப்பதையும் எவ்வாறு பாதிக்கிறது என்று மருத்துவரை விளக்கி எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்

டர்பன் உள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சிஏஓ எனப்படும் மைய விண்ணப்ப அலுவலகத்தின் வழியே, மெட்ரிக் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். குறைபாட்டைச் சொல்வதற்கு நம் வீடுகளில் தயக்கம் உண்டு. உறவினர் காதுக்குப் போனால் நாளை கல்யாணப் பேச்சில் வந்து நிற்குமோ என்று ஆயா கவலைப்படுவார். அந்தக் கவலையை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாகவே வைத்திருக்கிறது. அலுவலகத்திடம் சொல்வது ஊருக்குச் சொல்வதாகாது. சொல்லாமல் விட்டால் உதவிக்கு வழியும் இல்லை.

மூன்றாம் படி: பணம்

என்எஸ்எஃப்ஏஎஸ் எனப்படும் அரசின் தேசிய மாணவர் நிதியுதவிக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது பொது விதி. மாற்றுத்திறன் மாணவர்களுக்கு அந்த வரம்பு 6,00,000 ராண்ட். இதை அறியாமல், தங்களுக்குத் தகுதியில்லை என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. மருத்துவர் நிரப்பித் தரும் இணைப்புப் படிவத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். இந்த உதவியில் கருவிகளுக்கும் உடனிருந்து உதவுபவருக்கும் இடமுண்டு. இன்னொன்று: அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சாசா மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 18 வயதோடு நின்றுவிடும். பெரியவர்களுக்கான உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனைக்கும் செல்ல வேண்டும்.

நான்காம் படி: வளாகத்தை நடந்து பாருங்கள்

டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகமும் ஹோவர்ட் கல்லூரி வளாகமும் மேட்டில்தான் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் செல்பவர் விடுதியிலிருந்து வகுப்பறைக்கும், அங்கிருந்து நூலகத்துக்கும், கழிப்பறைக்கும் ஒருமுறை சென்று பார்ப்பது எந்தக் கையேட்டையும்விடப் பயன்தரும். மின்வெட்டின்போது மின்தூக்கி ஓடுமா, மின்சாரச் சக்கர நாற்காலியை எங்கே மின்னேற்றுவது என்றும் கேட்டுவையுங்கள்.

ஐந்தாம் படி: பேசப் பழகுங்கள்

எங்கள் வீட்டில் தவறியது இதுதான். மெட்ரிக் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே, பிள்ளை தன் தேவையைத் தானே மூன்று வாக்கியங்களில் சொல்லப் பழக வேண்டும்: தனக்கு என்ன சிரமம், எது கொடுத்தால் அது தீரும், எப்போதைக்குள் வேண்டும். 'எனக்குச் சிறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாது. பெரிய எழுத்தில் தாள் கொடுத்தால் நானே வாசிப்பேன். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.' இதை முதலில் வீட்டிலும், பிறகு மருத்துவரிடமும், பிறகு பள்ளி ஆசிரியரிடமும் பிள்ளையே சொல்லட்டும். அம்மா பக்கத்தில் உட்காரலாம், பேச வேண்டாம். அம்மாவுக்கு இது எளிதன்று. எங்கள் அம்மா முதல் இரண்டு முறை வாயைத் திறந்துவிட்டார். மூன்றாம் முறை அறைக்கு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கணினிப் பயிற்சியையும் அப்போதே தொடங்குங்கள். திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம். முதல் பாடநாளில் அதைக் கற்கத் தொடங்கினால் பாடம் முந்திவிடும்.

ஆறாம் படி: பதிவு

இடம் கிடைத்ததும், பிப்ரவரி வகுப்புகளுக்குக் காத்திராமல் மாற்றுத்திறன் உதவிப் பிரிவை அணுகுங்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு பிரிவு இயங்குகிறது. பாடநூலை பிரெய்லியிலோ ஒலிவடிவிலோ மாற்றுவதற்கு நாள் பிடிக்கும். தென்னாப்பிரிக்கச் சைகைமொழி 2023 ஜூலையில் நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியானது. ஆயினும் செவித்திறன் குறைந்தவர்களுக்கான சைகைமொழி பெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டால்தான் ஏற்பாடு செய்ய இயலும்.

பதிவு முடிந்ததும், சலுகைகளைக் குறிப்பிடும் கடிதத்தின் நகலை ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் மாணவரே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அடுத்த பருவத்தில் விரிவுரையாளர்கள் மாறுவார்கள். அப்போது அதே கடிதத்தை மறுபடியும் அனுப்புங்கள்.