வீட்டில் அதிரும் பேஸ் மேடையில் ஏன் காணாமல் போகிறது?

என் முதல் கோயில் திருவிழாக் கச்சேரி. மூன்றாவது பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் வாசித்த அண்ணன் என் பக்கம் குனிந்து, "தம்பி, வாசிக்கிறியா, இல்ல சும்மா நிக்கிறியா?" என்று கேட்டார். வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், சட்டை முழுக்க நனைய நனைய. அதே பேஸ் கிதாரும் அதே ஆம்ப்பும் வீட்டில் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தவை. மேடையில் ஒரு நோட்கூட யார் காதிலும் விழவில்லை.

நான் அன்று செய்ததும், இன்று புதிதாக பேஸ் எடுக்கும் பிள்ளைகள் செய்வதும் பெரும்பாலும் ஒரே தவறின் கிளைகள்தான். தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது எது இனிக்கிறதோ, அதையே சரி என்று எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஆம்ப்பின் குமிழ்கள். தனியாக இருக்கும்போது எல்லோருடைய கையும் பேஸையும் (கீழ் ஒலி) ட்ரெபிளையும் (மேல் ஒலி) ஏற்றும், மிட்டை (நடு ஒலி) இறக்கும். கேட்க ஜோராக இருக்கும். குழுவோடு வாசிக்கும்போது கீழே, காலால் அடிக்கும் கிக் டிரம் உட்கார்ந்துவிடுகிறது. மேலே சிம்பல், கிதார், பாடகர் என்று கூட்டம். நமக்கு மிச்சமிருப்பது நடுப்பகுதி. அதைத்தான் நாமே வெட்டி எறிந்திருக்கிறோம். நான்கு கம்பி பேஸின் கீழ்க் கம்பியான ஈ, நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அவ்வளவு ஆழமான ஒலிக்கு மனிதக் காது மந்தம். வாசிப்பது எந்த நோட் என்று காதுக்குக் காட்டிக்கொடுப்பது, அதோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகள். மிட்டை இறக்கினால் அவை போய்விடும், அதிர்வு மட்டும் மிஞ்சும். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். குழு வாசிக்க ஆரம்பித்த பிறகு 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

ஆம்ப்பை வைக்கும் இடமும் அப்படித்தான். தரையில் வைத்து, அதற்கு ஓரடி முன்னால் நின்றால் ஒலி போய்ச் சேருவது முழங்காலுக்கு. நமக்குக் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவோம், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு அதிரும். ஒரு நாற்காலி மேல் தூக்கி வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து ஒலியைக் காதுக்குத் திருப்புங்கள். கல்யாண மண்டபத்தில் இடமில்லை என்று சுவர் மூலையில் தள்ளினால் கீழ் ஒலி தேவைக்கு மேல் பெருகிக் குழம்பும். லீட் கிதாருக்கான சின்ன ஆம்ப்பில் பேஸைச் சொருகி முழு வால்யூமில் வாசிப்பதும் வேண்டாம், அந்த ஸ்பீக்கர் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை. டி.ஐ. பாக்ஸ் (கிதாரின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) ஒன்று வாங்கி நேராக மிக்ஸருக்கு அனுப்பிவிட்டால் கூட்டத்துக்கு அங்கிருந்து போய்விடும், உங்கள் ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும் என்றாகிவிடும். விலையுயர்ந்த பெடல்களுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான் என்பேன்.

அப்புறம், நம் மெல்லிசை மேடைகளுக்கே உரிய ஒரு சிக்கல்: கீபோர்டுக்காரரின் இடது கை. பல குழுக்களில் பேஸ் கிதாரே கிடையாது, கீபோர்டிலேயே இடது கையால் பேஸை ஓட்டிவிடுவார்கள். வருடக்கணக்கில் அப்படி வாசித்தவருக்கு, பக்கத்தில் பேஸ் வந்து நின்றதும் இடது கை தானாக ஓய்ந்துவிடாது. இரண்டு பேர் ஒரே ஆழத்தில், இம்மியளவு முன்பின்னாக, ஒரே நோட்டை வாசித்தால் இருவருடையதும் சேறாகிவிடும். நாம் செய்யும் தவறு, போட்டிக்கு வால்யூமை ஏற்றுவது. அவரும் ஏற்றுவார். ஒத்திகையிலேயே, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கு லெஃப்ட் ஹேண்ட் கொஞ்சம் மேல வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பணிவாகக் கேளுங்கள். பல குழுக்களில் சம்பளக் கவரைக் கொடுப்பவரும் அவர்தான்.

அடுத்தது கட்டை, அதாவது பாட்டின் சுருதி. இதில் விழாத பேஸ்காரர் இருக்க முடியாது. வீட்டில் ஒரு பாட்டை 3 கட்டையில், அதாவது ஈ-யில், கற்றுக்கொள்கிறோம். கீழ்க் கம்பியைத் திறந்தபடி மீட்டினாலே ஆதாரச் சுருதி வந்துவிடுகிறது, சுகம். மேடையில் பாடகருக்குத் தொண்டை சரியில்லை. "அரைக்கட்டை இறக்கிக்கலாம்" என்கிறார். கீபோர்டுக்காரருக்கு ஒரு பொத்தான். நமக்கோ 2.5 கட்டையின் கீழ் நோட், அதாவது டி ஷார்ப், நான்கு கம்பி பேஸில் கிடையவே கிடையாது. ஒரு ஆக்டேவ் மேலே ஏறி, ஏ கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டில் பிடிக்க வேண்டும், மற்றதையெல்லாம் அங்கிருந்து புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டும். கைக்குப் பழகிய திறந்த கம்பிகள் ஒன்றும் உதவாது. அதனால் எந்தப் பாட்டையும் திறந்த கம்பி இல்லாமல் ஒருமுறை, அரைக்கட்டை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். "சி, ஜி, எஃப்" என்று மனப்பாடம் செய்வதைவிட "ஒன்று, ஐந்து, நான்கு" என்று சுருதியிலிருந்து எண்ணிப் பழகுவது இங்கேதான் சோறு போடும். கீழே பி கம்பி கூடுதலாக உள்ள ஐந்து கம்பி பேஸ் வாங்க உருப்படியான காரணமும் இதுதான். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்பதற்காக வாங்கினால், அந்த ஐந்தாவது கம்பி கேட்காமலே முனகி உயிரை வாங்கும்.

முனகல் என்றதும் கைத்திறனுக்கு வந்துவிடலாம். யூடியூப்பைப் பார்த்து முதல் மாதமே, கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் ஸ்லாப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தப்பில்லை, ஆனால் ஒரு இரவு முழுக்க வாசிக்கும் நாற்பது பாட்டில் அது தேவைப்படுவது ஒன்றிலோ இரண்டிலோ. நாற்பதிலும் தேவைப்படுவது, நோட்டைச் சரியான இடத்தில் நிறுத்துவது. எங்கே தொடங்குகிறோம் என்பதில் எல்லோருக்கும் கவனம் உண்டு, எங்கே முடிக்கிறோம் என்பதில் இல்லை. கிக் அடித்ததும் நோட் தொடங்கி, ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) விழும் கணத்தில் நின்றால் தாளம் துள்ளும். அதே நோட்டை ஸ்னேரைத் தாண்டி இழுத்தால் பாட்டே சோம்பிப் போகும். நிறுத்துவதற்கு இடது கை விரலை லேசாகத் தளர்த்தினால் போதும். கம்பியைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. மீட்டாத கம்பிகளை வலது கைக் கட்டைவிரலாலோ சும்மா இருக்கும் விரல்களாலோ மூடி வையுங்கள். ஆம்ப் பெரிதாகப் பெரிதாக இந்தக் கசிவுதான் முதலில் கேட்கும்.

அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பாடல்களுக்கு அடித்தளமான பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றையே வைத்து வாசித்தவர். அவருடைய பேஸ், 1962 ஃபெண்டர் பிரிசிஷன். வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை அவர் மாற்றுவதே அபூர்வம். எல்லோரும் ஒற்றை விரலில் வாசியுங்கள் என்று சொல்லவில்லை. விரல்களின் எண்ணிக்கையில் சரக்கு இல்லை என்று தெரிந்தால் சரி.

பலமாக மீட்டுவதும் வீட்டுப் பழக்கந்தான். சின்ன ஆம்ப்பில் கேட்க வேண்டும் என்று விரலால் அடித்து அடித்து, மேடையிலும் அதே அடி. இரண்டு மணி நேரத்தில் முன்கை மரத்துவிடும், கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும். ஆம்ப்பை ஏற்றி, கையை இறக்குங்கள். உட்கார்ந்து பயிற்சி செய்துவிட்டு மேடையில் பேஸை முழங்கால் வரை தொங்கவிட்டால் மணிக்கட்டு மடங்கும், வலி வரும். உட்கார்ந்தாலும் நின்றாலும் அதே உயரத்தில் இருக்குமாறு ஸ்ட்ராப்பை வையுங்கள், அகலமான ஸ்ட்ராப்பாக.

போன் ஸ்பீக்கரில் கேட்டு பாட்டு எடுப்பதையும் விட்டுவிடுங்கள். அதில் பேஸ் வரவே வராது, கார்டின் ஆதார நோட்டை ஊகித்து வாசித்துவிட்டு முடித்துவிட்டோம் என்று நினைப்போம். இளையராஜா பாட்டுகளில் இது உடனே மாட்டிக்கொள்ளும். அங்கே பேஸ் தனி மெட்டாகவே ஓடும், முன்வரிசையில் இருப்பவருக்கு அது பாட்டு வரிகளைப் போலவே மனப்பாடம். நல்ல ஹெட்போனில், சரணத்துக்குச் சரணம் மாறுகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திறந்தவெளி மேடை, ஜெனரேட்டர், ஆம்ப்பில் "ம்ம்ம்" என்று இரைச்சல். யாராவது ஒருவர் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடலாம் என்பார். இரைச்சல் நின்றாலும் நிற்கும். அதன் பிறகு உங்கள் கை கம்பியில், உதடு மைக்கில், நடுவே காக்க எதுவும் இல்லை. ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் ஸ்வான்சீ மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தது இப்படிப்பட்ட எர்த் கோளாறால்தான். இரைச்சலைப் போக்க டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள், பிளக்கைத் தொடாதீர்கள். பையில் ஒரு டெஸ்டர் இருக்கட்டும். கோரஸ் பாட மைக்கருகே போகுமுன் அதன் உலோகத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நொடி போதும்.

காதும் போனால் வராது. 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால் 100 டெசிபலில் 15 நிமிடந்தான் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷின் கணக்கு. பேஸ்காரர் நிற்பது டிரம்ஸின் சிம்பலுக்குப் பக்கத்தில். இசைக்கலைஞர்களுக்கென்றே காதடைப்பான்கள் இருக்கின்றன.

காசு விஷயத்தில் ஒன்றே ஒன்று: "வந்துட்டு பேசிக்கலாம் தம்பி" என்றால் போகாதீர்கள். தொகை, வண்டிச் செலவு, எத்தனை மணிக்கு முடியும், இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, நள்ளிரவு இரண்டு மணிக்கு மூட்டை கட்டும்போது செய்வது. உங்கள் பேஸ் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் வகை என்றால், கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். தூக்கக் கலக்கத்தில் கேபிளோடு பைக்குள் தள்ளிவிட்டு, அடுத்த வாரம் ரிசப்ஷன் மேடையில் இரண்டாவது பாட்டின் பல்லவியில் ஒலி கரகரத்து அடங்கியது எனக்கு. டிரம்ஸ் அண்ணன் மறுபடியும் குனிந்து பார்த்தார். இப்போதெல்லாம் பையின் முன் ஜிப்பில் இரண்டு பேட்டரி வைத்திருக்கிறேன்.