லெமன் கர்ட் திரிந்துபோவது எங்கே?

பெயரைப் பார்த்துத் தயிர் வகை என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலேயர்கள் ஸ்கோன் என்ற சிறு பன்னிலும் ரொட்டியிலும் தடவிச் சாப்பிடும் இதில் உறை ஊற்றும் வேலையே கிடையாது. எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் நான்கும் மிதமான சூட்டில் கூடிக் கெட்டியாவதுதான் லெமன் கர்ட்.

4 லெமன், 200 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 3 முட்டை, கூடவே ஒரு மஞ்சள் கரு என்பது அங்கே வழக்கமான கணக்கு. நம் ஊர் எலுமிச்சைக்கு இது அப்படியே பொருந்தாது. பழம் சிறியது, புளிப்பும் தூக்கல். பழத்தை எண்ணாமல் சாற்றை அளந்து, 150 மில்லி அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். தோலைத் துருவும்போது வெள்ளைப் பகுதி தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். கசப்பு அங்கேதான் இருக்கிறது.

பெரிய தவறு அடுப்பில் நடக்கிறது. நேரடித் தீயில் வைத்து முதன்முறை நான் கிண்டியபோது கிடைத்தது இனிப்பான முட்டைப் பொரியல். கொதிக்கும் நீரின் ஆவியில், அடிப்பாகம் நீரைத் தொடாதபடி கிண்ணத்தை வைத்து, கை ஓயாமல் கலக்க வேண்டும். ஏறத்தாழ 76 டிகிரி செல்சியஸில் கலவை கெட்டியாகும். கொதி வந்தால் திரிந்துவிடும். வெப்பமானி இல்லையா? கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் இறக்கலாம். இன்னும் கெட்டியாகட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆறும்போது அது தானாகவே இறுகும். ஓரிரு கட்டிகள் விழுந்திருந்தால் சூட்டோடு வடிகட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது.

அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பு அதோடு வினைபுரிந்து உலோகச் சுவையைக் கொண்டுவரும். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். சர்க்கரையை மஞ்சள் கருவின்மேல் கொட்டிவிட்டு வேறு வேலைக்குப் போவதும் கூடாது. சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கரு சிறு சிறு துகள்களாக இறுகிவிடும். கொட்டியதுமே அடித்துக் கலக்க வேண்டும்.

மாம்பழத்தில் செய்ய ஆசைப்படுபவர்கள் எலுமிச்சையை அறவே விட்டுவிடுகிறார்கள். புளிப்பு இல்லாவிட்டால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும்.

ஜாம்போல அலமாரியில் வைக்கக் கூடாது, முட்டையும் வெண்ணெயும் இருக்கிறதே! சுத்தமான கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கேக்கின் நடுவே தடவுவதானால் கேக் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான கேக்கில் தடவினால் உருகி வழிந்து தட்டுக்குப் போய்விடும்.