ஏஆர்டி மாத்திரையும் கண்ணும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கண்ணாடி பார்க்கும்போது கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். நம் ஊரில் அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். "மஞ்சள் காமாலை" என்று சொல்லி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். "அந்த மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்து" என்பார்கள். எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி கூட்டு மருந்தில், அட்டசனவிர் என்ற மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இந்தப் பேச்சைக் கேட்பதுதான் பெரிய தவறு.

ரத்தத்தில் உள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைக் கல்லீரல் வெளியேற்ற ஒரு நொதி உதவுகிறது. அட்டசனவிர் அந்த நொதியைத் தடுப்பதால் நிறமி தேங்கி, கண் மஞ்சளாகிறது. பெரும்பாலும் இதனால் கல்லீரலுக்குக் கெடுதல் இல்லை. மருந்தை மாற்றினால் மறைந்துவிடும். ஆனால் நாமாகவே நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கு மசியாததாகவும் மாறலாம். அதற்காக, "மாத்திரையால் வந்த மஞ்சள்தான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடவும் கூடாது. சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ, வாந்தியும் காய்ச்சலும் இருந்தாலோ கல்லீரல் கோளாறாக இருக்கலாம். அன்றைக்கே ஏஆர்டி மையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எனக்கு இதைவிட அதிகக் கவலை தருவது, காசநோய்க்கும் சேர்த்து மருந்து எடுப்பவர்களின் கண். காசநோய் மருந்தில் உள்ள எத்தாம்புட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஆபத்து கூடும். ஏஆர்டியில் உள்ள டெனோஃபோவிரும் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும். பார்வை மங்கும்போது "உடம்பில் சத்தில்லை, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும்" என்று நாள் கடத்துகிறார்கள். தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு எழுத்தைப் பாருங்கள், அப்புறம் மறு கண்ணால். சிவப்பு வெளிறியோ பழுப்பாகவோ தெரிந்தால் அடுத்த வேளை மருந்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்டர் சீக்கிரம் எத்தாம்புட்டாலை நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பும். தாமதித்தால் நிரந்தரமாகப் போகலாம்.

எல்லாவற்றுக்கும் மாத்திரையைக் குறை சொல்வதும் தவறே. சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை 50-க்குக் கீழே போனவர்களுக்கு சிஎம்வி என்ற வைரஸ் விழித்திரையைத் தாக்கலாம். வலி இருக்காது. கண் முன்னால் கரும்புள்ளிகள் மிதக்கும், மின்னல் வெட்டும், ஓர் ஓரம் மறையும். எதிர்ப்புச் சக்தி திரும்பும்போதும் இவர்களுக்குக் கண்ணுக்குள் அழற்சி வரலாம். கண் டாக்டர் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், கண் டாக்டரிடம் எச்ஐவியை மறைப்பது. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அட்டசனவிரோடு சேர்த்துக் கொடுக்கும் ரிட்டோனவிர் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு ஸ்டீராய்டு ஊசியோ, நீண்ட நாள் ஸ்டீராய்டு சொட்டோ கொடுத்தால் அது உடம்பில் தேங்கி முகம் வீங்கலாம், சர்க்கரை ஏறலாம். பெயர் சொல்லத் தெரியாவிட்டால் மாத்திரை டப்பாவையே காட்டுங்கள். உங்கள் நிலையைச் சம்மதமின்றி வெளியே சொல்வதையும், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் 2017-ம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் தடை செய்திருக்கிறது.