கூர்மூலைகளை மழுக்கும் கோடுகள்: நியூரோகிராஃபிக் ஓவியம் வரையத் தொடங்குபவர்களுக்கு

நியூரோகிராஃபிக் ஓவியம் வரைய, வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாளில் ஒரு கோட்டை அலையவிட வேண்டும். அது தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் இடங்களில் கூரான மூலைகள் உருவாகும். அந்த மூலைகளை ஒன்றுவிடாமல் வளைவாக்க வேண்டும். அவ்வளவுதான். முகமோ மரமோ அச்சாக வர வேண்டும் என்ற கவலை இதில் கிடையாது.

இந்த முறையை 2014-இல் உருவாக்கியவர் ரஷ்ய உளவியலாளர் பாவெல் பிஸ்கரேவ். அவர் வைத்த பெயர் நியூரோகிராஃபிகா. அதற்கென்று வரிசையான படிநிலைகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் உண்டு. மனதை அழுத்தும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, சில விநாடிகளில் அதைக் கிறுக்கலாகக் கொட்டி, பிறகு அந்தக் கிறுக்கலைச் சீராக்குவது அதன் அடிப்படைப் பயிற்சி. நான் இங்கே சொல்லப்போவது முழுப் பயிற்சி அல்ல. நாள் முழுக்க ஓடிய மனதை நிதானத்துக்குக் கொண்டுவர நான் செய்யும் எளிய வடிவம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இப்படி வரைந்தால் மூளையில் புது நரம்புப் பாதைகள் உருவாகும், வாழ்க்கைப் பிரச்சினைகள் தீரும் என்றெல்லாம் பல இடங்களில் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பொதுவாகக் கலை செய்வது பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 2016-இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர், ஒட்டுப்படம் என விரும்பியதைச் செய்ய வைத்தார்கள். முன்பும் பின்பும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது அந்தக் குறைவில் வித்தியாசம் காட்டவில்லை. அது நியூரோகிராஃபிக் பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் "எனக்கு வரைய வராதே" என்று தயங்குகிறவர்களுக்கு அந்தக் கடைசித் தகவல் போதும் என்று நினைக்கிறேன்.

என்ன வேண்டும்

தாள், பேனா. வண்ணம் பிறகு.

தாள் ஏ4 அளவு போதும். முதலிலேயே ஏ3 எடுத்தால் மூலைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே மலைத்துவிடுவீர்கள். பிரிண்டருக்குப் போடும் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பேனா ஓடும்போது அது நைந்து நாராக எழும், மை பின்பக்கம் இறங்கும். 160 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட, வழவழப்பான வரைதாள் நல்லது. நீர்வண்ணம் தீட்டும் எண்ணம் இருந்தால் 300 ஜிஎஸ்எம். அதிலும் சொரசொரப்பு இல்லாத ரகமாகப் பாருங்கள். சொரசொரப்பான தாள் மென்மையான பேனா முனையைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

பேனாவில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: நீரில் கரையாத பிக்மென்ட் (நிறமித் துகள்) மை உள்ள ஃபைன்லைனர், அதாவது மெல்லிய முனைப் பேனா. வேறெதுவும் வேண்டாம். ஜெல் பேனா காயத் தாமதமாகும், கை பட்டால் இழுகும். பால்பாயின்ட் பேனாவில் அடர்த்தியாக நிரப்ப முடியாது. ஆல்கஹால் மை உள்ள பெர்மனென்ட் மார்க்கர் தாளைத் துளைத்துக்கொண்டு போகும். வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். சகுரா பிக்மா மைக்ரான் என்ற ஃபைன்லைனரில் 08 என்றால் 0.8 மில்லிமீட்டர் அல்ல, 0.50. அதில் 05 என்பது 0.45, 01 என்பது 0.25. கோட்டுக்கும் நிரப்புவதற்கும் 08, இடுக்குகளுக்கு 01 என இரண்டே பேனா வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

பென்சிலும் அழிப்பானும் மேசையில் இருக்கவே கூடாது. அழிக்கலாம் என்று தெரிந்தால் கை ஒவ்வொரு கோட்டையும் சோதிக்கத் தொடங்கிவிடும்.

படி 1: மனதில் இருப்பதை எழுதுங்கள்

தாளின் பின்பக்கம், இப்போது மனதில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றை ஓரிரு சொற்களில் எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடலாம். புதியவர்கள் பெரிய துயரத்தை எடுக்க வேண்டாம். முடியாமல் கிடக்கும் வேலை, பதில் அனுப்பாத கடிதம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கோட்டை அலையவிடுங்கள்

தாளின் ஏதாவது ஓர் ஓரத்தில் தொடங்கி, பேனாவை எடுக்காமல் ஒரு நீண்ட கோடு. மெதுவாக. அது தாள் முழுக்கச் சுற்றி, தன்னைப் பல இடங்களில் வெட்டி, இன்னோர் ஓரத்தில் வெளியேற வேண்டும். தாளின் நடுவில் கோட்டை முடிக்காதீர்கள். ஓரம்வரை கொண்டுபோய் விடுங்கள்.

நியூரோகிராஃபிக் கோட்டுக்கு ஒரு தன்மை உண்டு. அது எந்த இடத்திலும் தன் போக்கைத் திரும்பச் செய்யாது. கைக்கோ பழக்கமான அசைவுகள் இருக்கின்றன. விட்டால் ஒரே அளவு அலை, ஒரே அளவு சுருள் என்று போய்விடும். இதைத் தவிர்க்க நான் செய்வது: பேனாவை நுனியிலிருந்து கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிப்பேன். மணிக்கட்டை மட்டும் அசைக்காமல் முழங்கையிலிருந்து கையை நகர்த்துவேன். அடுத்து வலப்பக்கம் திரும்பும் என்று தோன்றினால் இடப்பக்கம் திருப்புவேன். கோடு நடுங்கினால் நடுங்கட்டும். நடுக்கம் உள்ள கோடு இந்த ஓவியத்தில் அழகாகவே அமையும்.

முதல் ஓவியத்தில் 15 முதல் 20 வெட்டுகள் போதும். ஒரு வெட்டில் நான்கு மூலைகள். அப்படியானால் ஏற்கனவே 60 முதல் 80 மூலைகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

படி 3: மூலைகளை மழுக்குங்கள்

இதுதான் பயிற்சியே. மற்ற படிகளெல்லாம் இதற்குத் தயார் செய்வதும் இதை அலங்கரிப்பதும்தான். எனக்குக் கைவர அதிகக் காலம் எடுத்ததும் இதுவே. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் உள்ள நான்கு மூலைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வளைவு போட்டு, வளைவுக்கும் மூலைக்கும் நடுவே உள்ள இடத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். முடிந்ததும் அந்த இடம் மரத்தில் கிளை பிரியும் கவட்டை மாதிரி இருக்கும். எங்கே ஒரு கோடு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

படத்தில் பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பலர் போடும்போது சிலந்திவலை போலவோ, மூலையில் ஒட்டுப் போட்டது போலவோ வந்துவிடுகிறது. காரணம் ஒன்றுதான்: வளைவைக் கோட்டின் மீதிருந்து திடீரென்று கிளப்புகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு மூலையை மறைக்கப்போய் அதன் இரண்டு பக்கமும் இரண்டு புதிய மூலைகள் முளைத்துவிடும். பேனாவை வெட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, கோட்டின் மேலேயே வையுங்கள். கோட்டின் மேலேயே சிறிது தூரம் ஓட்டுங்கள். பிறகு மெல்ல விலகி, வளைந்து, அடுத்த கோட்டின் மேல் வழுக்கி ஏறி, அதன் மேலும் சிறிது தூரம் ஓட்டிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. இந்த ஒன்று கைவந்தால் போதும், ஓவியத்தின் தோற்றமே மாறிவிடும்.

மூலையின் அகலத்தைப் பொறுத்து வளைவும் மாற வேண்டும். கூர்ங்கோணமாக இருந்தால் வெட்டிலிருந்து நன்றாகத் தள்ளித் தொடங்குங்கள். ஒடுங்கிய இடுக்கு முழுவதும் கறுப்பாகிவிடும், ஆகட்டும். விரிகோணமாக இருந்தால் ஒரு சின்னத் தடவல் போதும். எல்லா மூலைக்கும் ஒரே அளவு வளைவு போட்டால் ஓவியம் உயிரில்லாமல் இருக்கும்.

இரண்டு கோடுகள் கிட்டத்தட்ட ஒட்டியே போய் வெட்டும் இடங்களும் வரும். அங்கே தனித்தனி மூலை பார்க்காமல் இரண்டையும் ஒரே தடித்த கோடாகச் சேர்த்துவிடுங்கள். மூன்று கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் வெட்டினால் நடுவில் குட்டி முக்கோணம் உருவாகும். அதற்குள் வளைவு போட முயன்றால் மை கொட்டிய மாதிரி ஆகும். முக்கோணத்தை முழுதாக நிரப்பி, மொத்தத்தையும் ஒரே முடிச்சாக வைத்து, வெளிப்பக்க மூலைகளை மட்டும் மழுக்குங்கள். வெட்டு இல்லாமல் ஒரே கோடு சட்டென்று மடங்கும் இடங்களையும் மறக்க வேண்டாம். அந்த மடிப்பின் உட்பக்கமும் மழுக்கப்பட வேண்டிய மூலைதான்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவாதீர்கள். கோட்டின் ஒரு முனையில் தொடங்கி அது போகும் வழியிலேயே போங்கள். தாளைத் தாராளமாகத் திருப்புங்கள். கை வசதியாக வளையும் திசை ஒன்றுதான், தாளைத்தான் அதற்கேற்பத் திருப்ப வேண்டும். அதனால் தாளை மேசையில் டேப் போட்டு ஒட்ட வேண்டாம்.

சில மூலைகளுக்குப் பிறகு மூச்சு தானாகவே நிதானமாகும். இடையில் தோள்களைக் கவனியுங்கள், காதுவரை ஏறியிருந்தால் இறக்குங்கள். பேனாவை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று தோன்றுகிற நேரத்தில் அடுத்த மூலையை இன்னும் மெதுவாகப் போடுங்கள். 80 மூலையையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 20 நிமிடம் செய்து மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம்.

விட்டுப்போன மூலைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தாளைத் தலைகீழாகத் திருப்பி, கை நீட்டிய தூரத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மழுக்காத இடங்கள் வெள்ளை முட்களாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

படி 4: வட்டங்களும் கூடுதல் கோடுகளும்

சரி, இப்போது அங்கங்கே வெவ்வேறு அளவில் இரண்டு மூன்று வட்டங்கள் போடலாம். கோடுகளின் மேல் படும்படியே போடுங்கள். காம்பஸ் வேண்டாம், கையாலேயே. அப்புறம் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இன்னும் சில கோடுகளை ஓட்டலாம். ஒவ்வொரு புதிய கோடும் புதிய மூலைகளைக் கொண்டுவரும், அவற்றையும் மழுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: வண்ணம்

கட்டாயம் இல்லை. கறுப்பு வெள்ளையிலேயே நிறுத்திய ஓவியங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

வண்ணம் தீட்டினால் கட்டத்துக்கு ஒரு நிறம் என்று தீட்டாதீர்கள். ஒரு நிறம் கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று பகுதிகளில் பரவட்டும். கோடுகள் இணைந்ததுபோல் இடங்களும் இணையும். மூன்று நிறங்களுக்குமேல் வேண்டாம் என்பது என் கருத்து.

வரிசை முக்கியம்: மை வேலை அனைத்தும் முடிந்த பிறகே வண்ணம். கலர் பென்சிலில் உள்ள மெழுகின் மேல் ஃபைன்லைனர் ஓடாது, முனையும் அடைத்துக்கொள்ளும். நீர்வண்ணம் என்றால், நிரப்பிய கறுப்பு முழுதாகக் காயும்வரை பொறுங்கள். அடர்த்தியாக மை இருக்கும் இடம் மெல்லிய கோட்டைவிட மெதுவாகத்தான் காயும். அதே தாளின் துண்டு ஒன்றில் அதே பேனாவால் ஒரு மூலையை நிரப்பி, ஈரத் தூரிகையை ஓட்டிப் பார்த்துவிட்டு ஓவியத்தைத் தொடுங்கள்.

பின்சேர்க்கை: வாசித்தவர்கள் கேட்டவை

இடக்கைக்காரர்கள் மை இழுகுகிறது என்று எழுதியிருந்தார்கள். கோட்டின் வழியே போகச் சொன்னேன் அல்லவா, நீங்கள் அதை மாற்றிக்கொள்ளுங்கள்: தாளின் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் நகருங்கள். கைக்குக் கீழே ஒரு வெற்றுத் தாளை வைத்துக்கொண்டால் வலக்கைக்காரர்களுக்கும் நல்லது.

டேப்லெட்டில் செய்யலாமா என்றும் கேட்டார்கள். செய்யலாம். ஆனால் கோட்டைத் தானாகவே நேராக்கும், வழுவழுப்பாக்கும் அமைப்புகளை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மென்பொருள்தான் வரையும். 'பின்செல்' பொத்தானையும் தொடாமல் இருக்கப் பாருங்கள். அழிப்பானைத் தள்ளி வைத்த அதே காரணம்தான். என் விருப்பம் தாள்தான். முனை தாளில் உரசும்போது கைக்குக் கிடைக்கும் பிடிப்பு கண்ணாடித் திரையில் இல்லை.

ஒருவர், படி 1-இல் எழுதிய விஷயம் வரைய வரைய இன்னும் கனமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அப்படி நடந்தால் தொடர வேண்டாம். பேனாவை மூடிவிட்டு எழுந்து நடங்கள். அடுத்த முறை பின்பக்கம் எதையும் எழுதாமல் கோட்டை மட்டும் போடுங்கள். இது ஓய்வுக்கான பழக்கம், சிகிச்சை அல்ல. கனம் நாள்கணக்கில் இறங்கவில்லை என்றால் மனநல ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்.

நிரப்பிய பிறகு கறுப்பு திட்டுத்திட்டாகத் தெரிகிறது என்ற கேள்வி அதிகம் வந்தது. ஈரமாக இருக்கும்போதே மேலே மேலே தேய்ப்பதால் அப்படி ஆகிறது. ஒருமுறை நிரப்பி, அடுத்த சில மூலைகளுக்குப் போய்விட்டு, காய்ந்தபின் திரும்பி வந்து இரண்டாம் முறை நிரப்புங்கள். பேனா மை தீரும் நிலையில் இருந்தாலும் இப்படி வரும். அந்தப் பேனாவைத் தூக்கிப் போடாமல் தனியாக வையுங்கள். படி 4-இல் சேர்க்கும் கூடுதல் கோடுகளுக்கு அந்த மங்கலான கறுப்பு நன்றாகப் பொருந்தும்.