ரெசிடென்சிக்குப் பணம் கட்டும் முன் விசாவைக் கேளுங்கள்

இந்தியாவில் எம்பிபிஎஸ் முடித்து அமெரிக்க ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் பெறும் சிறப்புத் துறைப் பயிற்சி) விண்ணப்பிக்கிறீர்களா? அதற்கான ஈராஸ் (ERAS) விண்ணப்பத் தளத்தில் பணம் கட்டும் முன், பட்டியலில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் எந்த விசா தருகிறது என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போதும்: "ஜே-1 மட்டுமா, எச்-1பியும் உண்டா?" ஜே-1 என்பது பரிமாற்றப் பயிற்சி விசா, எச்-1பி என்பது வேலை விசா.

விசாவே தராத இடத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. ஒரே துறையில் 30 இடங்களைத் தாண்டினால், அதற்கு மேல் உள்ள ஒவ்வொன்றுக்குமான கட்டணமும் எகிறும். ஜே-1 தருபவர்கள்தான் அதிகம். ஆனால் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு இந்தியாவில் இருக்க வேண்டும், இல்லையேல் விலக்கு வாங்க வேண்டும். எச்-1பியில் அந்தத் தொல்லை இல்லை, பதிலாக அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் (USMLE) கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 தேர்வை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய எச்-1பி மனுவுக்கு 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள். அதனால் போன வருடம் சேர்ந்த சீனியர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், இந்த வருட நிலையைக் கேளுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. ஜே-1 போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு ஸ்டெப் 3 அவசரமும் இல்லை. ஆனால் அந்த இடம் விசா தருகிறதா என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள்.